துடைத்த படம்

திரையில் கதாநாயகனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் அம்பலவாணர் மாமா கைதட்டினார்.

அவரைப் பார்த்து வரிசை முழுவதும் தட்டியது. மாமி, அவர்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோவிலிருந்து கூட வந்த அயலவர்கள், எல்லோரும்.

முன்னால் இருந்த பலெர்மோ நகரத்து இத்தாலியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படம் அந்தப் பதவியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தது. முதலாளியின் கையை முத்தமிடாத குறையாகக் குனிந்து நின்றான் கதாநாயகன்.

"பாத்தியே பிள்ளை, பொடியன் மேலை வந்திட்டான்!" மாமா சாம்பவியின் பக்கம் சரிந்தார். "உன்னை மாதிரி."

சாம்பவி இருக்கைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

அவள் அம்மாவை மட்டும்தான் கூப்பிட்டிருந்தாள். அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சின்னத் திரையரங்கு, ஐம்பது வருடப் பழைய சிரிப்புப் படம், இந்தக் கிழமை முழுக்க ஓடுகிறது, வாங்கோ அம்மா என்று. அம்மாவோ பட்டுச்சேலை உடுத்தி, அண்ணன் குடும்பத்தையும் அயலையும் திரட்டிக்கொண்டு, அரங்கேற்றத்துக்குப் போவதுபோல் வந்து இறங்கிவிட்டார். கைப்பைக்குள் பொரித்த ரோல்ஸ் வேறு மணந்தது.

சாம்பவி காப்புறுதி நிறுவனமொன்றில் கதிரையில் இருந்து வேலை செய்கிறாள். இது எல்லோருக்கும் தெரியும். பலெர்மோவில் அவர்களுடைய சனத்தில் பெரும்பாலானோர் அடுத்தவர் வீடுகளைக் கூட்டித் துடைத்துத்தான் சீவித்தார்கள். அம்மாவும் அப்படித்தான். தன் பிள்ளை ஒருநாளும் துடைக்கிற துணியைத் தொடமாட்டாள் என்று அம்மா எந்தக் கொண்டாட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

சாம்பவி அந்தக் கதிரையை விட்டு எழும்பி ஒரு குளிர்காலம் போய்விட்டது.

இப்போது அவள் பழைய படச்சுருள்களைத் துடைக்கிறாள். மெல்லிய துணியை மருந்தில் நனைத்து, தூசியையும் பூஞ்சணத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிற வேலை. சம்பளம் குறைவு. இந்தப் படத்தையும் அவள்தான் துடைத்தாள். வெளிவந்த காலத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட படம். மூடிப்போன ஒரு திரையரங்கின் களஞ்சிய அறையில் கிடந்ததை எடுத்தது.

காலையில் இன்னும் அலுவலக உடுப்போடுதான் வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறாள். அம்மாதான் அதைச் சுருக்கம் போக மினுக்கிக் கொடுக்கிறார்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். படத்தில் வேலையை உதறிவிட்டுப் போகிற மனிதனைப் பார்த்து அம்மா சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு ஆறுமுன், வீட்டுக்கு நடக்கிற வழியில் சொல்லிவிட வேண்டும். ஒன்று மட்டும் கவனம். முடிவில், படத்தைப் புதுப்பித்தவர்களின் பெயர்கள் ஏறத் தொடங்கும்போதே அம்மாவை வெளியே கூட்டிப்போய்விட வேண்டும்.

அவளுடைய பெயருக்கு மேலே, துப்புரவு என்று இத்தாலியனில் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று. அம்மாவின் வேலை ஒப்பந்தத்திலும் இதே சொல்தான் இருந்தது.

திரையில் கதாநாயகன் தன் புது அறைக்குள் நுழைந்தான். யன்னல் வைத்த அறை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். யன்னல் சீலையை விலக்கக் கையை நீட்டினான்.

அம்மா சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் சீலை விலகியது. பின்னால் யன்னல் இல்லை, வெறும் சுவர். அரங்கம் சிரித்தது.

அம்மாவின் இத்தாலியன், அவர் வேலை செய்யும் வீட்டுக்காரி சிக்னோராவின் சமையலறையில் பழகியது. எங்கே சிரிப்பதென்று பிடிபடவில்லையாக்கும் என்று சாம்பவி நினைத்துக்கொண்டாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

கதாநாயகன் கழுத்துப்பட்டியைக் கழற்றி முதலாளியின் பூஞ்சாடியில் கட்டிவிட்டு வெளியேறினான். நீண்ட தலைமுடிக்காரர்களோடு ஒரு வான் வண்டியில் ஏறிக் கடற்கரைக்குப் போனான்.

"விசரன்," என்றார் மாமா. சாம்பவி ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

கடற்கரைக்கு, வேலையை விட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கூட்டம் வைத்தார்கள். தலைவரைத் தெரிவு செய்தார்கள். ஒருநாள் காலை மணலில் கம்பம் நட்டு, வேலைக்கு வரவு பதியும் மணிக்கூட்டை அதில் தொங்கவிட்டார்கள். கதாநாயகன் அதை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கடலுக்குள் நடந்தான்.

அந்தக் கடலில்தான் பூஞ்சணம் அதிகம் பிடித்திருந்தது. அவள் துடைக்கத் தொடங்கியபோது அங்கே கடலே இல்லை, பழுப்பு மட்டும்தான். இப்போது ஒவ்வொரு அலையும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாப் பயமும் மறந்துபோய், ஒரு கணம் அவள் நிமிர்ந்து இருந்தாள்.

திரை இருண்டது. பெயர்கள் ஏறத் தொடங்கின. சனம் எழும்பியது. சாம்பவி அவசரமாகப் பையைத் தோளில் மாட்டினாள்.

"வாங்கோ அம்மா, நெரிசலுக்கு முதல் வெளியிலை போவம்."

"இரு பிள்ளை." அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழும்பப் பார்த்த மாமாவையும் கையில் பிடித்து இழுத்து இருத்தினார். "நீங்களும்தான் அண்ணை. இதுக்குத்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

முன்வரிசையில் ஒருவர் நின்றபடி ஆறுதலாக மேற்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். சிக்னோரா வீட்டில் ஒருநாளும் எழும்பாத குரலில், இத்தாலியனில், அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"சிக்னோரே, கொஞ்சம் இருங்கோ. அடுத்ததாய் என்ரை மகளின்ரை பெயர் வரப்போகுது."

அவர் உட்கார்ந்தார். சீலை விலகுமுன்னே அம்மா சிரித்தது சாம்பவிக்கு நினைவு வந்தது.

திரையில் அப்போது, ஒலியைச் சரிசெய்தவர்களின் பெயர்கள்தான் ஏறிக்கொண்டிருந்தன.