பச்சை டிக்

மாலை வெயில் பழுதுக்கடையின் மேசையில், கழற்றிப் போட்ட விசிறிகளின் தூசிமேல் படுத்திருக்கிறது. கடைக்காரர் பழைய மடிக்கணினியைத் துடைத்து, அதை வாங்க வந்திருக்கும் அம்மாவின் பக்கம் திருப்புகிறார். பழுதுக்கு வரும் எல்லாக் கணினியிலும் இலவச வைரஸ் தடுப்பானைப் போட்டு, அது சந்தேகப்படுவதையெல்லாம் ஒரே சொடுக்கில் அழித்துக் கொடுப்பது அவர் வழக்கம். "சும்மாதாம்மா போட்டேன், நம்ம கடை மரியாதை." அந்த அம்மா காதோர முடியை ஒதுக்கிக்கொண்டு குனிகிறார். "கொஞ்சம் சத்தம் வைப்பா. தொறந்ததும் என் பையன் பேசுவான். எங்கள விட்டுப் போறதுக்கு முந்தி அவனே புரோகிராம் எழுதி வச்சது. 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேப்பான்." கடைக்காரரின் விரல் பொத்தானிலேயே நின்றுவிடுகிறது. காலையில் தடுப்பான் பிடித்துக் காட்டியவற்றில் 'அம்மா' என்றொரு நிரலும் இருந்தது. ஊர் பேர் தெரியாத சரக்கு என்று, டீயை உறிஞ்சிக்கொண்டே, மற்றவற்றோடு அதையும் மீட்க முடியாதபடி அழித்திருந்தார். கணினி இரைகிறது. திரையில் பச்சை டிக் எழும்புகிறது: உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது. அந்த அம்மா நிமிரவில்லை. கடைக்காரருக்கே சமாதானம் சொல்வதுபோல், "மெதுவாத்தான் வருவான்ப்பா, இரு" என்கிறார்.