அட்டையில் இருக்கும் வரிசை

மழை விட்ட மைதானத்தில் ரக்பி ஆட்டம் பாதியில் நிற்கிறது. எதிரணிக்காரனை மடக்கப் பாய்ந்தவன், அவன் முழங்காலில் தலை மோதி, சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் பாட்டிலோடு முதலில் ஓடிவந்து அவன் காதோரம் குனிந்தவர் பயிற்சியாளர், அவனுடைய தாய்மாமன். அடுத்து வந்து குந்துகிறாள் நடுவர். இன்றைக்கு இது அவளுக்கு மூன்றாவது ஆட்டம், நிற்கவே தெம்பில்லை. தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள், எந்த மைதானம், எந்தப் பாதி என்று தொடங்கி வரிசையாக அச்சடித்த அட்டை அவள் பையில் இருக்கிறது. "கேளுங்க மேடம், என் அக்கா பையன், டக்டக்னு சொல்வான். மாத்தி இறக்க எங்ககிட்ட வேற ஆளும் இல்ல," என்கிறார் மாமன். அட்டையை எடுக்காமல், கடைசிக் கேள்வியை அவள் முதலில் கேட்கிறாள். "போன வாரம் ஜெயிச்சீங்களா?" "நம்ம மைதானம்," என்கிறான், ஒப்பிக்கிற குரலில். "கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு?" "ரெண்டாவது பாதி." மாமன் எரிச்சலோடு குறுக்கிடுகிறார். "ஏன் மேடம் குழப்புறீங்க? வரிசையா கேட்டா சொல்வான்ல." அவள் அவரையே பார்க்கிறாள். கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. "வரிசையா சொல்லிக்குடுத்தது யாரு சார்? இவன் வெளியே. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். உங்க அக்காவுக்கு நீங்களே சொல்லுங்க." அவர் செல்போனை எடுக்கிறார். "யாருக்கு மாமா போன்?" என்கிறான் அவன். "உங்கம்மாவுக்குடா." மணி அடிக்கிறது. "யாருக்கு மாமா போன்?" மறுமுனையில் "சொல்லுடா தம்பி" என்று குரல் கேட்கிறது. அவர் செல்போனை நடுவரிடம் நீட்டுகிறார். "நீங்க பேசுங்க மேடம். எனக்கு வாய் வரல." சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, அதையும் அவளே வாங்குகிறாள்.