சன்னலில் பூ வைத்த வீடு

குடைக்குப் பின்னால் போக வேண்டும். அதுதான் இங்கே முறை.

வழிகாட்டிப் பெண் மஞ்சள் குடையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். பின்னால் ஒரு கூட்டம். கூட்டத்துக்கும் பின்னால் அவனும் அம்மாவும்.

அவனுடைய அம்மா இல்லை. சபேசனுடைய அம்மா.

சபேசனும் அவனும் இந்த ஜெர்மன் ஊரில் ஒரே அறையில் கிடந்தவர்கள். போன வருசம் சித்திரையில், ஒரு ரெஸ்டாரண்டில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற சபேசன் அப்படியே சரிந்துபோனான். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வருவதற்கு விசா கிடைக்கவில்லை. கிடைத்தபோது ஆண்டுத்திவசமும் முடிந்துவிட்டது. விசாக்காரருக்கு என்ன அவசரம்.

தெரு முழுக்கக் கல் பதித்திருந்தது. அம்மாவின் செருப்பு இடறிக்கொண்டே வந்தது. கையைப் பிடிக்கப் போனான்.

விடவில்லை. இரண்டு கையாலும் ஒரு பையை அணைத்திருந்தாள்.

பைக்குள் பயத்தம் பணியாரம். மகன் இருந்த வீட்டில் படைக்க வேண்டும். வந்ததே அதற்குத்தான்.

அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். அவள் ஊருக்கே தெரியும்.

வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள். சன்னலுக்குச் சன்னல் சிவப்புப் பூ. வாசலில் சபேசன், கோட்டுப் போட்டு, ஒரு காலை மேல்படியில் வைத்துக்கொண்டு. எங்கட வீடு அம்மா என்று போனில் சொல்லிப் படத்தையும் அனுப்பினான். அம்மா அதைச் சட்டம் போட்டு முன்னறையில் கொழுவினாள். கல்யாணம் பேச வந்தவர்களை அதற்கு நேரே கதிரை போட்டு இருத்தினாள்.

அந்தப் படத்தை எடுத்தவன் இவன்தான்.

விமான நிலையத்தில் இறங்கியதும் அவள் சாவியைத்தான் முதலில் கேட்டாள்:

“வீட்டுத் திறப்பு உன்னட்டையோ தம்பி?”

அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பெற்றவளிடம் அதை எப்படிச் சொல்வது.

பிறகுதான் இந்த யோசனை வந்தது. ஊரைச் சுற்றிக் காட்டும் கூட்டத்தோடு அம்மாவைக் கூட்டிப் போவது. அந்த வீட்டின் முன்னால் நின்று வழிகாட்டி கதை சொல்லுவாள். உண்மை அவள் வாயால் வெளியே வரும். தான் பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது என்பது டிக்கெட் எடுக்கும்போது அவன் புத்திக்கு எட்டவில்லை. இப்படியும் ஒரு மடையன்.

கோட்டை வாசல் வந்தது. கிணறு வந்தது. தேவாலயக் கோபுரம் இடி விழுந்து எரிந்த கதை வந்தது. எல்லாவற்றையும் தமிழில் சொன்னான். அம்மா மரியாதைக்குத் தலையாட்டினாள். கோபுரத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சன்னல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூலை திரும்பியதும் நின்றுவிட்டாள்.

அதே சட்டங்கள். அதே பூ. அதே படி. கதவுக்கு வலப்பக்கம் ஒரு பித்தளைப் பலகை. அதை அவளால் வாசிக்க முடியாது.

குடையும் நின்றது. வழிகாட்டி சொல்லத் தொடங்கினாள்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் குற்றவாளிகளின் தலையை வெட்டியவன் இருந்த வீடு. சனம் அவனோடு பேசாது. சத்திரத்தில் அவனுக்குத் தனிக் கோப்பை. தேவாலயத்தில் கடைசியில் தனி இடம். அவனுக்குப் பிறகு எவரும் குடிவரவில்லை. இப்போது மியூசியம்; அந்தப் பலகையில் இருப்பதும் அதுதான்.

“என்னவாம்?” என்றாள் அம்மா.

சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“இந்த வீட்டில இருந்த மனுசனோட ஊரில ஒருத்தரும் கதைக்கிறேல்லையாம்.”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏன்? என்ர பிள்ளை ஆருக்கு என்ன செய்தவன்?”

“அம்மா, இது அவன்ர வீடில்லை. ஒருத்தற்ர வீடும் இல்லை. மியூசியம்.”

கதவு திறந்தது. கமராவும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் வெளியே வந்து, அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனது.

அம்மா வழிவிட்டு நின்றாள். கத்தவில்லை. அழவும் இல்லை. கத்தியிருக்கலாம் என்று அவன் நினைத்தான்.

“அப்ப எங்க படுத்தவன்?”

“ஸ்டேசனுக்குப் பின்னால. என்னோடதான். கட்டிலுக்கு மேல கட்டில்.”

“மேலயோ, கீழயோ?”

“மேல.”

“நித்திரையில உருளுறவன்” என்றாள்.

பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

மஞ்சள் குடை அடுத்த மூலையில் திரும்பி மறைந்தது. வெயில் சுவரில் இருந்தது. பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள், படியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். தலைமயிரை ஒதுக்கினாள். பையை அவன் கையில் தந்தாள்.

“அவன் படுத்த இடத்தில கொண்டுபோய்ப் படைப்பம்” என்றாள். “முதல் என்னை ஒரு படம் எடு. ஊரில கேப்பினம்.”

போய்ப் படியில் ஏறி நின்றாள். நேரே பார்த்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். கொஞ்சம் இடப்பக்கம். பிறகு முழங்காலை மடித்துக் குனிந்தான்.

எங்கே நின்றால் பலகை படத்தில் விழாது என்பது அவனுக்குத் தெரியும்.