ஐஸ் பெட்டியும் ஒரு மீனும்

உச்சி வெயிலில் நடுக்கடலில் படகு ஆடுகிறது. முதல் தடவையாகத் தூண்டில் பிடித்த கணவர், துடிக்கும் மீனைத் தூக்கிக்காட்டிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். "இன்னும் ஒரே ஒரு போட்டோ!" படகுக்காரர் மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்: "சார், ரத்தத்தை வடிச்சு ஐஸ்ல போடுங்க. இந்த வெயிலுக்குத் தாங்காது." ஐஸ் பெட்டி நிறையக் கூல்டிரிங்க் பாட்டில்கள். மீனின் வெள்ளி மினுக்கம் மங்கிக்கொண்டே வருகிறது. காலையிலிருந்து வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த மனைவி எழுந்திருக்கிறாள். பாட்டில்களை வெளியே உருட்டிவிடுகிறாள். மீனைப் பிடுங்கி, படகுக்காரர் நீட்டிய கத்தியால் செவுளைக் கீறி, ரத்தம் வடிந்ததும் ஐஸில் புதைத்து, மூடிமேல் உட்கார்ந்துகொள்கிறாள். "சாயங்காலம் எங்க அண்ணன் வீட்டுல எட்டுப் பேர் இதை நம்பித்தான் உக்காந்திருக்காங்க. கரை வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். வாந்தி வந்தா நீங்க பக்கெட்டைப் பிடிங்க."