ஒற்றை எலுமிச்சை

பெரிய எழுத்தாளர் வாழ்ந்த வீடு அது; தோட்டமே ஒரு தாலுகா அளவு இருந்தது. நடைப்பயிற்சி நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளலாமே என்று ஓர் எலுமிச்சையைப் பறித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். சற்று நேரத்தில் எழுத்தாளரின் மகள் திலகவதி, வீட்டைப் பார்க்க வந்திருந்த என்னையும் என் மனைவியையும் அதே மரத்தடிக்குக் கூட்டிவந்தார்.

"அப்பா போனப்புறம் இது காய்க்கவே இல்ல சார். இந்த வருஷம்தான் ஒண்ணே ஒண்ணு."

இலைகளை விலக்கி விலக்கித் தேடினார். என் பையில் அது பூசணிக்காயாக வீங்கியது.

"அணில் கொண்டுபோயிருக்கும்மா," என்றேன்.

"எந்த ஊர் அணில் எலுமிச்சை தின்னுது?" என்றாள் என் மனைவி.

நானும் மண்டியிட்டுத் தேடினேன். மெல்லக் கீழே போட்டுவிடலாமென்று பைக்குள் கைவிட்டேன். திலகவதி என் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார்.

"வாசனை மட்டும் இங்கயே நிக்குது, பாருங்க சார்."