டாக்டரின் பல்வரிசை

வரன் பார்ப்பதற்காக ஸ்டூடியோவின் இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி எடுத்த படம் அது. அதை எவனோ மருந்து விற்கும் இணையதளத்தில் டாக்டராக்கி வைத்திருக்கிறான் என்பது, டீக்கடை வாசலில் முதல் அடி விழுந்தபோதுதான் லாரி ஓட்டும் செங்கோடனுக்குத் தெரிந்தது.

"இந்தச் சிரிப்ப நம்பித்தான்டா எம்பையனுக்கு அந்த மருந்தக் குடுத்தேன்!" மகனைப் பறிகொடுத்தவன் இரும்புக் கம்பியால் வாயிலேயே அடித்தான்.

"நான் டாக்டர் இல்லீங்க!"

கூட்டத்தில் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "இருங்கப்பா, ஆளு மாறிப்போயிரும். சிரிக்கச் சொல்லிப் பாக்கலாம்."

கைப்பேசிப் படத்தை அவன் முகத்தருகே பிடித்தார்கள். செங்கோடன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"படத்துல பல்லு வரிசையா இருக்குதே" என்றார் அவர்.

தகப்பன் குனிந்து, மண்ணில் கிடந்த இரண்டு பற்களைப் பொறுக்கி அவன் ஈறில் வைத்து அழுத்தினான்.

"இப்பப் பாருங்க."