பட்டுச் செருப்புக்கு வந்த வியாதி

"ராத்திரி கல்லு மாதிரி இருந்தது, காலையில வதக்கின கத்திரிக்காய் மாதிரி துவண்டு கிடக்குதே, இது எப்படிங்க?"

கிருபாகரன் அந்தப் பட்டுச் செருப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வேலூரிலிருந்து வந்த துபாஷ். வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழிலும் தமிழ்ப் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்வது வேலை. செருப்பு வைத்தியம் அதில் சேர்த்தி இல்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை. எலி கடித்த தடம் இல்லை. கத்திரி பட்ட இடம் இல்லை. எண்ணெய்க் கறையும் இல்லை. நுனி மட்டும் தொய்ந்திருந்தது.

ஆரணிப் பட்டு வியாபாரி வீரபாகு முதலியார் வீட்டுக் கல்யாணம். அன்று மாலை, முற்றத்து மேடையில் முதலில் அபிதகுசாம்பாளின் சதிராட்டம். அடுத்து, மதராஸ் வந்திருந்த இத்தாலிக்காரி லூசியாவின் பாலே. அதில் பழைய ஆட்டம் ஒன்று, புதிதாகக் கட்டிய ஆட்டம் ஒன்று. கடைசியில் பேண்டு வாத்தியத்துக்கு இருவரும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு.

லூசியா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"வேற செருப்பைப் போட்டுக்கினு ஆடச் சொல்லுய்யா!" என்றார் முதலியார்.

"முடியாதுங்க. இதுக்கு மேலதான் பட்டு. உள்ள நுனியில துணிமேல துணியா வெச்சு, நடுநடுவே பசை தடவிக் காய வைக்கிறாங்க. காஞ்சா கல்லு. பம்பரம் ஆணிமேல நிக்கிற மாதிரி, இந்தப் பொண்ணு அந்தக் கல்லுமேல நுனி விரல்ல நிக்குது. நுனி தொய்ஞ்சா விரல் மடங்கி எலும்பு முறியும்."

"முந்தாநாள் ஒரு ஜோடி, நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. செருப்பு இருந்த ரூம்ல தங்கினு இருக்கறது இவங்க ரெண்டே பேரு. தன் செருப்பைத் தானே கெடுத்துக்குவாளா?" முதலியார் அபிதகுசாம்பாளை முறைத்தார். "உன் வேலைதானே அபிதம்?"

"எஜமான், வெறுங்காலோட ஆடறவளுக்குச் செருப்புமேல என்னங்க பகை?"

"வெள்ளைக்காரி ஆட்டத்தைப் பாத்தா உன் சதிரை எவன் பாப்பான்? அந்த பயம்தான்."

"பயமா இருந்தா மேடைப் பலகையில ரெண்டு ஆணியைப் பிடுங்கியிருப்பேன். ஜல்தியா வேலை முடிஞ்சிருக்கும்!"

பேண்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலியாரின் முகம் சிவந்தது.

"உச்சிப் பொழுதுக்குள்ள ஒத்துக்க. இல்லாட்டி இன்னிக்கு மட்டும் இல்ல, இந்த ஊர்ல எந்தக் கல்யாணத்துலயும் உனக்குச் சதிர் கிடையாது."

அபிதகுசாம்பாளின் சிரிப்பு அணைந்தது. முதலியார் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே கதவைச் சாத்திவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கிருபாகரனுக்கு மனம் ஆறவில்லை. ஒத்திகையில் லூசியாவின் விரலில் ரத்தம் கசிந்தபோது மஞ்சள் அரைத்துக் கட்டியவள் இவள்தான். இவளா செருப்பைக் கெடுப்பாள்?

"பனி ஈரமா இருக்குமோ?" என்றார் மெல்ல.

"ஈரம்னா மத்தளத் தோலும் தொய்ஞ்சிருக்கும். அது கிண்ணுனு இருக்குதே," என்றாள் அபிதகுசாம்பாள்.

"ஏம்மா, தப்பிக்க ஒரு வழி சொன்னா அதையும் நீயே அடைக்கிறியே!"

"பொய் சொல்லித் தப்பிக்கணுமா நான்?"

கிருபாகரன் பெருமூச்சு விட்டார். "இன்னும் ஒரு ஜோடி மிச்சம் இருக்குங்க. அதையாவது காப்பாத்தினா இன்னிக்கு ஆட்டம் நடக்கும்."

"அதை அப்பவே எடுத்துக்கினு போய் எங்க வீட்டம்மா கையில குடுத்துட்டேன். அங்க எந்தத் திருட்டுக் கையும் போவாது." முதலியார் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஆதிலட்சுமி! அந்தச் செருப்பைக் கொண்டா!"

கொல்லைப்புறத்திலிருந்து ஆதிலட்சுமி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. கையிலிருந்த தாம்பாளத்தில் கடைசி ஜோடி.

"இந்தாங்க. இதோட நாலு ஜோடியும் பதமாயிடுச்சு," என்றாள் பெருமையாக.

கிருபாகரன் நுனியை அழுத்திப் பார்த்தார்; அதுவும் துவண்டு மடங்கியது.

"பாவம், அந்தப் பொண்ணு விரலெல்லாம் ரத்தம். தொட்டுப் பாத்தா பட்டு கட்டை மாதிரி விறைச்சுக்கினு இருக்குது. நூல்ல இருக்கிற பசை போக அவிக்காமலே எவனோ நெய்ஞ்சிருக்கான். பட்டு வியாபாரி வீட்டுக்கு வந்தவ அவியாத பட்டைப் போட்டுக்கினு ஆடலாமா? அதான் தினம் விடியல்ல, பட்டு அவிக்கிற அண்டா ஆவியில காட்டிக் கசக்கி வெச்சேன். இன்னிக்கு இவரே கையில கொண்டாந்து குடுத்துட்டாரு!"

முதலியாரின் வாய் திறந்தபடி நின்றது. முதலில் சிரித்தவள் அபிதகுசாம்பாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அபிதம்... சாயங்காலம் நீ சலங்கை கட்டும்மா," என்றார் முதலியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

விஷயத்தைக் கேட்ட ஆதிலட்சுமி தலையில் கை வைத்தாள். "ஐயோ, கல்லா இருந்தாத்தான் ஆட முடியுமா? இப்ப என்னங்க பண்றது?"

கிருபாகரன் வெயிலைப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"தறியில பாவு நூல் விறைக்கப் போடற கஞ்சியைக் கெட்டியாக் காய்ச்சி, நுனி உள்ளார அப்பி, மொட்டை மாடி வெயில்ல வைங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள கல்லாயிடும்."